பெட்டியில் ஆர்.டி.எல், உள்ளே ஆர்.டி

இரண்டு மாதத்துக்கு முன் இணையத்தில் ஒரு மொடல் பஸ் வாங்கினேன். ஈ.எஃப்.ஈ கம்பனி தயாரிப்பு, 1:76 அளவு, லண்டன் ட்ரான்ஸ்போர்ட் சிவப்பு, லேலண்ட் ஆர்.டி.எல் என்ற வகை. விற்றவர் ‘பெட்டியோடு, கை படாதது’ என்று எழுதியிருந்தார். விலை 19 பவுண், தபாற்செலவு தனி. மூன்றாம் நாள் பொதி வந்தது. பெட்டியில் ஆர்.டி.எல் என்று அச்சு வடிவாகத்தான் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே படுத்திருக்கிறது ஆர்.டி.

“இஞ்சாருங்கோ, இரண்டும் சிவப்பு பஸ்தானே” என்றாள் மனைவி. இரண்டும் சிவப்பு. இரண்டும் இரட்டைத் தட்டு. இரண்டுக்கும் பின்னால் கதவில்லாத வாசல், முன்னால் சாரதிக்கு மட்டும் ஒரு கூடு. உடல் கிட்டத்தட்ட ஒன்றேதான். கீழே இருக்கிற சேசிஸ்தான் வேறு. ஆர்.டியின் சேசிஸும் எஞ்சினும் சவுத்தோலில் இருந்த ஏ.இ.சி கம்பனியுடையவை. ஆர்.டி.எல்லின் கடைசி ‘எல்’ லேலண்டைக் குறிக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ரேடியேட்டரின் வடிவம்தான் முக்கிய அடையாளம். மூக்கை வைத்துத்தான் ஆளைச் சொல்லவேண்டும். பெட்டியைத் திறந்த உடனே எனக்கு அந்த மூக்கு தெரிந்துவிட்டது.

விற்றவருக்கு எழுதினேன். நல்ல மனிதர்தான், வித்தியாசம் அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஒரு வயோதிபரின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டிகளாம். திருப்பி அனுப்பினால் முழுக்காசு, வைத்துக்கொண்டால் 7 பவுண் திருப்பித் தருவேன் என்றார். வைத்துக்கொண்டேன். பெட்டியை விட மனம் வரவில்லை.

எனக்கு ஆர்.டி.எல்தான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் கொழும்பின் வெள்ளவத்தை. ஏழெட்டு வயதில் அப்பாவோடு புறக்கோட்டைக்குப் போவது இரட்டைத் தட்டு பஸ்ஸில்தான். மேல்தட்டில் முன்வரிசை கிடைத்தால் அன்றைக்கு ராசி. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் ஒவ்வொன்றும் வந்து போகும். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல். கீழே இருந்து பார்த்தால் அது மதிலுக்கும் மரத்துக்கும் மறைந்துவிடும். பம்பலப்பிட்டி வரைக்கும் நான் கடல் எண்ணுவேன். “இது லண்டனில் ஓடிக் களைச்சு இங்க வந்தது” என்பார் அப்பா. அப்பா சொன்னால் எதையும் நம்புகிற வயது. பிற்பாடு வாசித்தபோது அது மெய்தான்.

1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது. தனியார் பஸ் கம்பனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து ஒன்றாக்கியது, பஸ்ஸுக்குத் தட்டுப்பாடு. அதே வருடம் லண்டனில் பஸ் தொழிலாளர்கள் ஏழு கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்த கையோடு சேவைகள் குறைந்தன, பஸ்கள் மிஞ்சின. இங்கே மிஞ்சியது அங்கே போனது. ஆர்.டி, ஆர்.டி.எல், அகலம் கூடிய ஆர்.டி.டபிள்யூ என்று மூன்று வகையும் கப்பல் ஏறின; எல்லாம் சேர்த்து நூற்றுக்கணக்கில். இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவது என்பதால் வாசலை வெட்டி மறுபக்கம் மாற்றுகிற வேலையும் இல்லை. அப்பா எப்போதும் ‘லேலண்ட்’ என்றுதான் சொல்லுவார். அந்த ஒரு சொல்லை வைத்து எனக்கு அது ஆர்.டி.எல். ஆர்.டி.டபிள்யூவும் லேலண்ட்தானே என்று யாராவது பிடிக்கலாம். பிடிக்கட்டும்.

1984இல் நான் லண்டன் வந்தபோது தெருவில் ஒரு ஆர்.டியும் இல்லை. ஆர்.டி.எல் 1968லேயே லண்டனில் ஓய்ந்துவிட்டது. கடைசி ஆர்.டி 1979 ஏப்ரல் 7ஆம் திகதி 62ஆம் இலக்க வழியில் பார்க்கிங்கில் ஓடியது. நான் இருப்பது ஈஸ்ட் ஹாமில், பார்க்கிங் அடுத்த ஊர். ஐந்து வருடம் பிந்திவிட்டேன். பழைய பஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது ஆர்.டிக்குப் பின் வந்த ரூட்மாஸ்டர்தான்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியே ஆகவேண்டும். லண்டன் பஸ் என்றால் எல்லோருக்கும் ரூட்மாஸ்டர். சாவிக்கோர்வையில் அது, தேநீர்க் கோப்பையில் அது, விமான நிலையக் கடையில் தகரத்தில் அது. ரூட்மாஸ்டர் நல்ல பஸ், மறுக்கவில்லை. அலுமினிய உடல், 64 பேர் இருக்கலாம், 2005 டிசம்பர் வரைக்கும் வழக்கமான சேவையில் ஓடியது. ஆனால் மொத்தமாகச் செய்தது 2,876தான். ஆர்.டி குடும்பத்தைக் கூட்டிப் பாருங்கள்: ஆர்.டி 4,825, ஆர்.டி.எல் 1,631, ஆர்.டி.டபிள்யூ 500. ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. யுத்தம் முடிந்த லண்டனை வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் குடும்பம். ரூட்மாஸ்டர் வந்தபோதுகூட முதலில் விரட்டியது மின்கம்பியில் ஓடிய ட்ரொலி பஸ்களைத்தான், ஆர்.டியை அல்ல. ஆகவே புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் பஸ்ஸாக ரூட்மாஸ்டரை வாங்காதீர்கள் என்பது என் வழக்கமான பல்லவி. என் மருமகன் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

சரி, மொடலுக்கு வருவோம். பிழையாக வந்தாலும் அந்த ஆர்.டியையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் ஆர்.டி.எல்லும் பிறகு கிடைத்துவிட்டது. அந்தக் கதை கீழே.

ஈ.எஃப்.ஈ 1989இல் தொடங்கிய பெயர். இப்போது பாக்மான் கம்பனியிடம் இருக்கிறது. 1:76 என்ற இந்த வினோதமான எண் ரயில் விளையாட்டிலிருந்து வந்தது. ஒரு அடியை 4 மில்லிமீற்றராக்கினால் கிடைக்கும் அளவு. மற்ற நாடுகள் 1:87இல் நிற்க, பிரிட்டிஷ் ரயில் எஞ்சின்கள் நிஜத்திலேயே சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் அவற்றின் வயிற்றுக்குள் அடங்கவில்லை, ஆகவே உடலைக் கொஞ்சம் பெருப்பித்தார்கள். ரயில் மேசையில் ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்த பஸ் வேண்டுமே, அதுவும் 1:76 ஆனது. அந்த அளவில் ஆர்.டி பத்தரை சென்ரிமீற்றர் நீளம், மூன்று சென்ரிமீற்றர் அகலம். உள்ளங்கையில் நிற்கும்.

கையில் எடுத்தவுடன் தெரிவது கனம். உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கிற உடல். பிளாஸ்டிக் மொடலில் இதைவிட நுணுக்கம் கிடைக்கும், ஆனால் வைத்த இடத்தில் அது இப்படி உட்காராது. மெல்லத் தள்ளினால் சக்கரம் சத்தமில்லாமல் உருளும். நல்ல பஸ்ஸுக்கு நான்கு சக்கரமும் மேசையைத் தொடவேண்டும். பழைய மொடல் வாங்கும்போது கண்ணாடி மேசையில் வைத்து இதை முதலில் பாருங்கள். சக்கரங்களைக் கோர்க்கிற அச்சு வளைந்திருந்தால் ஒரு சக்கரம் தலைமுடி அளவு தூக்கி நிற்கும்.

சிவப்பு நல்ல சிவப்பு. இரண்டு தட்டுக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு, முனையில் வளையும்போதும் தடிப்பு மாறவில்லை. பக்கவாட்டில் தங்க நிறத்தில் லண்டன் ட்ரான்ஸ்போர்ட் என்ற எழுத்து. இதையெல்லாம் கையால் எழுதுவதில்லை. மெதுமையான சிலிக்கோன் உருண்டை ஒன்று, செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒற்றி எடுத்து பஸ்ஸில் ஒற்றும். அதற்கு டாம்போ என்று பெயர். உருண்டை மெதுமை என்பதால் வளைவிலும் மேட்டிலும் எழுத்து சிதறாது. முன்னால் பலகையில் போகும் இடத்தின் பெயர் விக்டோரியா. அதை வெறும் கண்ணால் வாசிக்கலாம். அதன் கீழே இடைப்பட்ட ஊர்களின் பெயர்களும் இருக்கின்றன. முத்திரை சேர்க்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கள் எள்ளைவிடச் சிறிது, ஆனால் எழுத்துத்தான், கோடுகள் அல்ல. என் கண்ணுக்கு இந்த லென்ஸ் இனி அலுமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்பக்கம்தான் எனக்குப் பிடித்த பக்கம். திறந்த வாசலும் மேலே வளைந்து ஏறும் படியும் அப்படியே இருக்கின்றன. என் சுண்டுவிரல் நுனிகூட அதற்குள் போகாது. கொண்டக்டர் நிற்கிற மூலை அது. ஒருதரம் பெல் அடித்தால் நில், இரண்டு தரம் அடித்தால் போ. அந்த மூலையைப் பார்த்தால் எனக்குக் காதுக்குள் இரண்டு தரம் அடிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே ஆசனங்கள் ஒரே நிறப் பிளாஸ்டிக், துணியின் கோலம் எதுவும் இல்லை. ஜன்னல் ஓரங்கள் தடிப்பு. இது வார்ப்பின் குணம்: ஒரு மில்லிமீற்றர் உலோகத்தை 76ஆல் பெருக்கினால் ஏழரை சென்ரிமீற்றருக்கு மேல் சுவர், பஸ்ஸுக்குக் கோட்டை மதில் கட்டியது மாதிரி. கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால்தான் இது தெரியும், எழும்பி நின்றால் மறைந்துவிடும். இந்த விலைக்கு இதற்கு மேல் கேட்பது பேராசை.

விலைக்குப் பயப்படாத ஆட்களுக்கு சன் ஸ்டார் செய்த 1:24 ரூட்மாஸ்டர் இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் அதைத் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. 35 சென்ரிமீற்றர் நீளம், இரண்டு கையாலும் தூக்கவேண்டும். பொனற்றைத் திறந்தால் உள்ளே எஞ்சின். ஆசனத் துணியில் கட்டம் கட்டமான கோலம்கூட இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நண்பர் அதைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், வேறு இடம் இல்லை. செய்தி பார்க்கும்போது ஒரு மூலை மறைகிறது. ஒன்று வாங்கினால் அதோடு அறை நிறைந்துவிடும். சேர்ப்பது என்றால் அடுக்கவேண்டும், வரிசை வைக்கவேண்டும், இது அதுக்குத் தம்பி என்று காட்டவேண்டும். அதற்கு 1:76தான் சரி. கோர்கி கம்பனியின் ஒரிஜினல் ஒம்னிபஸ் வரிசையும் இதே அளவில் வருவதால் இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தலாம்.

பழைய விளையாட்டுச் சாமான்கள் வேறு சாதி. லிவர்பூல் பின்ஸ் றோட்டில் செய்த டிங்கி, சுவான்சியில் செய்த கோர்கி, இரண்டும் 1964இல் ஆளுக்கொரு ரூட்மாஸ்டர் விட்டன. அதற்குப் பத்து வருடம் முன்பே, கிழக்கு லண்டனில் லெஸ்னி கம்பனி தன் மேட்ச்பொக்ஸ் வரிசையின் ஐந்தாம் இலக்கமாக ஒரு லண்டன் பஸ்ஸை விட்டிருந்தது. என்னிடம் 1960களின் மேட்ச்பொக்ஸ் ரூட்மாஸ்டர் ஒன்று உண்டு, பெயின்ட் பாதி போனது. பேத்திக்கு அதைத்தான் கொடுப்பேன். அவள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, “அம்மப்பா, எது ஓடும்?” என்று கேட்டாள். அதுதான் ஓடும் என்று கையில் கொடுத்தேன். ஈ.எஃப்.ஈயும் உருளும், அவளுக்கு அது தெரியத் தேவையில்லை.

இப்போது ஆர்.டி.எல் கிடைத்த கதை. எசெக்ஸ் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைச் சந்தை நடக்கும். நுழைவுக் கட்டணம் இரண்டு பவுண், பால் கூடிய தேநீர் ஒரு பவுண். அங்கே பெட்டிதான் ராஜா. அதே பஸ், அதே நிறம், பெட்டியோடு ஒரு விலை, பெட்டி இல்லாமல் அதில் பாதி. பெட்டியின் மூடிநாக்கு கிழிந்திருக்கிறதா என்பதை வைத்தே இரண்டு பெரிய மனிதர்கள் பத்து நிமிடம் வாதாடுவதைப் பார்த்தேன்.

ஒரு மேசையில் யுத்தத்துக்கு முந்தைய டிங்கி பஸ் ஒன்று. கூரை முழுக்க உலர்ந்த வயல் மாதிரி வெடிப்பு. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் அது வருடக்கணக்கில் உள்ளிருந்தே அரித்து, வீங்கி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். மருந்து கிடையாது. விற்கிறவர் நேர்மையானவர், “தொடாமல் பார்” என்றார். 1930களின் சாமான் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்கமுதல் வெடிப்பைப் பாருங்கள். பிற்காலத்து மொடல்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

நாலைந்து மேசை தள்ளி, ஒரு பழக்கூடைக்குள் பெட்டி இல்லாத பஸ்கள், எது எடுத்தாலும் 8 பவுண். குனிந்து கிளறினேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ, அந்த மூக்கு. ஆர்.டி.எல். பின் கூரையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, வேறு குறை இல்லை. கண்ணாடி தெளிவு, நாலு சக்கரமும் மேசையைத் தொட்டன.

“பெட்டி இல்லை, அதுதான் இந்த விலை” என்றார் மேசைக்காரர்.

“என்னட்ட பெட்டி இருக்கு. பஸ்தான் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நாற்பது வருடமாகச் சந்தைக்கு வருகிறாராம், இப்படிச் சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாராம்.

கணக்குப் போட்டால் 19இல் 7 கழிந்து 12, அதோடு 8, ஆக 20 பவுணுக்கு இரண்டு பஸ்ஸும் ஒரு பெட்டியும். தபாற்செலவையும் தேநீரையும் விட்டுவிடுவோம். நுணுக்கக்காரருக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது: பெட்டியில் அச்சிட்ட வழி இலக்கமும் என் பஸ்ஸின் வழி இலக்கமும் ஒன்றல்ல. விற்கப்போனால் இது பிடிபடும். நான் விற்கப்போவதில்லை.

மருமகன் ஒரு யோசனை சொன்னார். இதை இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸாக மாற்றிவிடலாமே, சின்னம் அச்சிட்டு, பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ப்பெயர் போட்டு. சேர்க்கிறவர்கள் இதைக் கோட் 3 என்பார்கள். தயாரித்தவர் விட்டபடி இருப்பது கோட் 1, அவர் சம்மதத்தோடு வேறொருவர் மாற்றினால் கோட் 2, நாமாகவே வீட்டில் மாற்றினால் கோட் 3. ஆசை இருந்தது. ஒரு சனிக்கிழமை காலமை மேசையில் பத்திரிகை விரித்து, மெல்லிய தூரிகையும் எடுத்து வைத்தேன். பிறகு அந்த விக்டோரியாவைப் பார்த்தேன். அதை அழித்து வெள்ளவத்தை எழுத எனக்குக் கை நடுங்காமல் வரவேண்டும், அறுபதைத் தாண்டிய கை. தூரிகையைத் திருப்பி வைத்துவிட்டேன். லண்டனில் ஓடுகிற காலத்திலேயே அது நிற்கட்டும், களைத்த பிறகு அனுப்பலாம்.

வைத்திருப்பது பற்றி இரண்டே விஷயம். வெயில் படும் ஜன்னலில் வைக்கவேண்டாம், சிவப்புத்தான் முதலில் வெளுக்கும். தூசிக்கு பெயின்ட் அடிக்கும் மெல்லிய உலர்ந்த தூரிகை போதும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் டாம்போ எழுத்து துணியோடு வந்துவிடும். எனக்கு ஒரு பச்சை நிற ஆர்.டியில் இது நடந்திருக்கிறது. நாட்டுப்புற வழிகளில் ஓடிய பச்சைப் பஸ், பக்கத்து விளம்பரத்தில் பாதி இப்போது இல்லை.

நிஜமான ஆர்.டியில் ஏறிப் பார்க்க விருப்பமான ஆட்கள் வேபிரிட்ஜுக்குப் பக்கத்தில் புரூக்லண்ட்ஸில் இருக்கும் லண்டன் பஸ் மியூசியத்துக்குப் போகலாம். மொடல் வாங்கமுதல் ஒருதரம் நிஜத்தைப் பார்ப்பது நல்லது. ரேடியேட்டர்களை அடுத்தடுத்து நின்று பார்த்தால் என் மாதிரி 19 பவுண் கொடுத்துப் பாடம் படிக்கத் தேவையில்லை.

அந்த ஆர்.டி இன்னும் என்னிடம் சும்மா நிற்கிறது. ஏற்கெனவே இரண்டு சிவப்பு ஆர்.டி இருக்கிறது, மூன்றாவதுக்குத் தட்டில் இடமில்லை. ஈஸ்ட் ஹாம், மனர் பார்க் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது புதிதாகச் சேர்க்கத் தொடங்குவதாக இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். பெட்டி கேட்கக்கூடாது.